அந்த அக்கார்டியனை வாசித்தவர்

எங்கள் பத்திரிகையில் பழைய சினிமாப் பாட்டுகளின் கதையை வாராவாரம் எழுதுகிறவருக்கு அலுவலகத்தில் பாட்டக்கா என்று பெயர். அவர் எழுதுவதைப் பக்கத்தில் அடைத்து வைப்பது என் பிழைப்பு. பாடினவரை ஊருக்கே தெரியும். பின்னால் உட்கார்ந்து வாசித்தவர்களை இசைத்தட்டின் உறைகூடச் சொல்லாது. அந்தப் பெயர்களைத் தேடி அலைந்தே அக்காவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. ஒலிப்பதிவில் இருந்த இரண்டு பேராவது சொல்லாமல் எதையும் எழுதமாட்டார். இந்தப் பிடிவாதத்தால் எத்தனை வாரம் என் உயிரை வாங்கியிருக்கிறார்!

ஒருநாள் ஒரு பெண் வந்து அவர் மேசை முன்னால் நின்றார்.

"போன மாசம் எழுதினீங்களே, அந்தப் பாட்டோட ஆரம்பத்துல வர்ற அக்கார்டியனை வாசிச்சது எங்கம்மா. நீங்க வேற ஒருத்தர் பேரைப் போட்டுட்டீங்க. அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. உயிரோட இருக்கறப்பவே திருத்திப் போடுங்க."

அக்கா தட்டிக்கழிக்கவில்லை. அந்த ஒலிப்பதிவில் வாசித்தவர்களைத் தேடி அக்காவை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு அலைந்தேன். அக்கா எழுதியிருந்தவர் பேரையே டிரம்ஸ்காரரும் அடித்துச் சொன்னார்: "அவர்தான் வாசிச்சாரு. நோட்ஸ் பேப்பர் பறக்குதுன்னு ஃபேனைக்கூட நிறுத்தச் சொன்னாரே!" வயலின்காரரும் அதே ஃபேன் கதையைச் சொன்னார். கிடார்காரரும் ஃபேனில் ஆரம்பித்ததும், வெளியே வந்து அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அந்த ஃபேன் கதை நான் எழுதினதுடா. வரிக்கு வரி. எனக்குச் சொன்ன ரெண்டு பேரும் இப்ப இல்ல. இவங்கல்லாம் என்னைப் படிச்சுட்டு எனக்கே ஒப்பிக்கறாங்க."

எனக்கு அலுத்துவிட்டது. அவருக்கு அதைவிட. மிச்சம் இருந்தது அந்த அம்மா மட்டும்தான். அவர் வாயால் சொன்னால் போதும், இன்னொருவர் வேண்டாம் என்று அக்கா முதல்முறையாக இறங்கிவந்தார்.

ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார் அம்மா. அக்கா குனிந்து கேட்டார்: "அந்த அக்கார்டியனை நீங்கதானேம்மா வாசிச்சீங்க?"

அம்மா மெல்லச் சொன்னார்:

"நான்தான்னு நெனச்சிட்டிருந்தேன்மா. பத்திரிகையில அவர் பேர் வந்துச்சு. ஃபேனை நிறுத்தச் சொன்னதெல்லாம் போட்டிருந்துச்சு. எனக்குத்தான் தப்பா ஞாபகம் போலிருக்கு."

"அம்மா!" என்று மகள் கத்தினார். அக்கா நிமிரவே இல்லை.

"பாவம், இவங்களை ஏண்டி வீணா அலையவிட்டே?" என்று அம்மா மகளைக் கடிந்துகொண்டார்.