உப்புப் போட்டேனா?

சின்ன காஞ்சிபுரத்தில் அம்ருதவல்லியின் கைமணத்தைப் பற்றிப் பேசாத வீடு கிடையாது. பெருமாளுக்கு அமுது செய்விக்கும் முன் தளிகையை, சமைக்கிறவள்கூட, வாயில் வைக்கக் கூடாது, கையளவுதான் கணக்கு. அவள் பெண் மங்கை ஜுரத்தில் இறந்துபோகும் வரைக்கும் அந்தக் கை தவறியதில்லை.

அதற்குப் பிறகு அழுதுகொண்டே இருந்தாள் என்று நினைத்தால் தப்பு. அழவே இல்லை. கிணற்றடிக்குப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றாள். களைந்த அரிசியையே திரும்பக் களைந்தாள். காலையில் எழுந்திருப்பதே மலையைப் புரட்டுகிற வேலையாக இருந்தது. தெருவில் சோம்பேறி என்றார்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லத் தெருவுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்! கொடுமை என்னவென்றால், அவளும் அதை நம்பினாள்.

மாமனாரின் சிராத்தம் வந்தது. மடியாகத் தளிகை பண்ண வேண்டியவள் மருமகள். சாத்தமுது, அதுதான் ரசம், கொதிக்கையில் உப்புச் சட்டியில் கை வைத்தவளுக்குத் திடீரென்று ஒன்றும் ஞாபகமில்லை. போட்டாயிற்றா? ருசி பார்க்க வழியில்லை. நாத்தனார் வத்ஸலா பக்கத்தில்தான் இருந்தாள், கேட்க வெட்கம். ஒரு பிடி போட்டுவிட்டாள். அது இரண்டாவது பிடி.

சிராத்தத்தில் சாப்பிடுகிறவர்கள் ருசியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. வந்த பெரியவர்கள் குனிந்த தலை நிமிராமல் விழுங்கினார்கள். ஒருவருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. கணவர் ஸௌந்தரராஜன் முறைப்படி, "த்ருப்தியா?" என்று கேட்டார். "த்ருப்தி" என்றார்கள். கதவுக்குப் பின்னால் நின்ற அம்ருதவல்லிக்கு உடம்பெல்லாம் கூசியது.

பிறகு ஸௌந்தரராஜன் சாப்பிட்டார். விஷயம் புரிந்தது.

"இனிமே தளிகைக்குப் பரிசாரகரை வச்சுக்கலாம், அம்ருதம். நீ சிரமப்பட வேண்டாம்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"ஏன்னா, தளிகையை எங்கிட்டேர்ந்து பிடுங்கிடாதீங்கோ. அது ஒண்ணுக்காகத்தான் எழுந்துக்கறேன். வேணும்னு பண்ணலை, உப்புப் போட்டேனான்னே மறந்துபோறது. பக்கத்துல நின்னு சொல்லுங்கோ." சொல்லி முடிப்பதற்குள் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மறுநாள், ஊருக்கே பாடம் சொல்லும் மனிதர் அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றார். அவருக்கும் வெட்கம்தான்.

"உப்புப் போட்டுட்டே, அம்ருதம்."

கூடத்தில் வத்ஸலா காய் நறுக்குவதை நிறுத்தினாள். அம்ருதவல்லிக்கு அவமானத்தில் காது சுட்டது. திரும்பிப் பார்க்காமல், மூடியிருந்த கையைப் பிரித்து, எடுத்த உப்பை உப்புச் சட்டியிலேயே திரும்பக் கொட்டினாள்.