பெண் என்பதற்குக் கடிதம்

உடற்கல்வி டீச்சர் வேலையில் சம்பளம் மாசத்துக்கு ஒருதரம், வெயில் தினமும். கல்முனைப் பக்கம் மைதானத்தில் நின்று கறுத்துப்போன என் சக டீச்சர்மாரே, போன வருஷம் நான் பட்டதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? பிள்ளையின் பேரை நஸ்மியா என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பேர் அதில்லை.

முறைப்பாடு

நஸ்மியா உயர்தரம் படிக்கிற பதினெட்டு வயதுப் பிள்ளை. மாகாணப் போட்டியில் எண்ணூறு மீட்டர் ஓடி முதலாவதாக வந்தாள். இரண்டாவது பிள்ளை அப்போதுதான் வளைவு திரும்பினது. தேசியப் போட்டிக்கு எடுபட்டாயிற்று என்று நான் சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, அந்த இரண்டாவது பிள்ளையைப் பழக்குகிற சேர் எழுத்தில் முறைப்பாடு கொடுத்துவிட்டார். குரல் தடிப்பாம், தோள் அகலமாம், பெண்பிள்ளைதானா என்று பார்க்கோணுமாம். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. நேரே போய்க் கேட்டேன். மனுசன் பொல்லாதவரில்லை. என் முகத்தைப் பார்க்காமல் விசிலை உருட்டிக்கொண்டே சொன்னார்:

"நான் புள்ளயக் கெட்டதா ஒண்டும் சொல்லல்ல டீச்சர். என்ட பிள்ளையும் சுபஹுத் தொழுகையோட எழும்பித்தான் ஓடிப் பழகின. அதுட வாப்பா கேட்டா நான் என்ன சொல்ல?"

ஆதாரம்

போட்டிக் குழு பெண் என்பதற்கு ஆதாரம் கேட்டது. நான் பிறப்புச் சான்றிதழ், அதிபரின் கடிதம், கிராம சேவகரின் சான்றிதழ் எல்லாம் எடுத்தேன். போதாதென்று பள்ளிவாசல் கடிதமும் எடுத்தேன். நம்மட ஊரில் கல்யாணமோ மையித்தோ, எதற்கும் பள்ளிவாசல் கடிதம்தானே. "மேற்படி நபர் எமது மஹல்லாவைச் சேர்ந்த ஒழுக்கமான பெண்பிள்ளை" என்று தலைவர் எழுதி, முத்திரையும் குத்தித் தந்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைப் பெருமையாகத்தான் கொண்டுபோனேன். குழுவின் கிளாக்கர் நாலையும் வாசித்து, அடுக்கி, திருப்பித் தந்தார்.

"டீச்சர், இதெல்லாம் ஊருக்கு. அவங்க கேக்கிறது ரத்தப் பரிசோதனை."

டொக்டர்

ஆஸ்பத்திரிக்கு மூன்று தரம் அலைந்தோம். நஸ்மியாவும் உம்மாவும் உள்ளே போக, நான் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். கடைசித் தரம் வெளியே வந்து அவளே என்னிடம் சொன்னாள். சில பிள்ளைகளுக்கு உம்மாவின் வயிற்றிலேயே உடம்பு கொஞ்சம் வேறு மாதிரி வளருமாம். ஆம்பிளைகளுக்குக் கூடுதலாகச் சுரக்கிற ஒன்று இவளுக்கும் கூடச் சுரக்கிறதாம். அவள் பெண்தான், அதில் சந்தேகமில்லையாம். ஆனால் பெண்கள் பிரிவில் ஓடலாமா என்பது போட்டிக்காரரின் சட்டமாம், அது இடத்துக்கு இடம் வேறாம். இது மாறிச் சுகமாகிறதுக்கு உம்மா மருந்து கேட்டிருக்கிறா. டொக்டர் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாவாம்:

"நோய் வருத்தமெண்டா மருந்து எழுதலாம். இது வருத்தமில்ல உம்மா, நான் என்னத்த எழுத?"

உம்மா

குழுவிலிருந்து டெலிபோன் கோல் வந்தது. முடிவெடுக்க நாள் செல்லும், அதுவரை பெண்கள் பிரிவில் போட முடியாது, பள்ளிக்கூடமே விலக்கிக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது என்றார்கள். இதைக் கேள்விப்பட்டு உம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டா. நம்மட ஆட்கள் பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு கட்டித்தான் மாப்பிள்ளை பேசுவார்கள். நஸ்மியாவின் வீடு சுவர் எழும்பிக் கூரைக்கு நிற்கிறது. கதை வெளியே போனால் அந்த வீட்டு வாசலை ஒருத்தனும் மிதிக்கமாட்டான் என்று அவவுக்குப் பயம். அழவும் தெம்பில்லாமல் இருந்தா.

"கால் முறிஞ்சிட்டெண்டு எழுதுங்க டீச்சர். கால் முறிஞ்ச பிள்ளைக்கு மாப்பிள்ளை வருவான்."

காரணம்

எனக்கும் அலுத்துவிட்டது. விலகல் படிவத்தில், காரணம் என்ற கட்டத்தில் கால் முறிவு என்று எழுதி, கையெழுத்துக்கு நஸ்மியாவிடம் நீட்டினேன். வாசித்தாள். என் பேனையை வாங்கி, நான் எழுதினதைக் கோடிழுத்து வெட்டினாள். "கால் நல்லா இருக்கிறது. பெண்கள் பிரிவில் ஓட விடாததால் வரவில்லை" என்று எழுதி, கையெழுத்தும் போட்டாள். தன் இடத்தில் அந்த இரண்டாவது பிள்ளை போகும் என்று தெரிந்துதான் போட்டாள். உம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்ல புள்ள என்று கேட்டேன்.

"உம்மாக்கு நான் சொல்லுறன் டீச்சர். கால் முறிஞ்ச கதைய நம்பி ஒருத்தன் வந்தா, மறுகா மௌத்தாகி மண்ணுக்குள்ள போகுமட்டும் நான் நொண்டி நொண்டித்தானே நடக்கோணும்?"

இருபது வருஷமாகப் பிள்ளைகளை விலக்கும்போதெல்லாம் காய்ச்சல், சுளுக்கு, மாமி மௌத்து என்று நான் நிரப்பிவந்த அந்தக் கட்டத்தில் உண்மை ஏறினது இந்த ஒருதரம்தான், அதையும் எழுதினது நானில்லை.