பரவாயில்லைக்கு எத்தனை மார்க்?

ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவளை முட்டியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்டு வீட்டுக்குப் போனவர்களை ஆறாவது வாரம், மூணாவது மாசம், ஆறாவது மாசம் என்று போனில் பிடித்துப் பன்னிரண்டு கேள்வி கேட்பது அவள் வேலை. நடக்கும்போது வலிக்குதா, தூங்க முடியுதா, ஒரு மாடிப் படி இறங்க முடியுதா. ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து நாலு வரை மார்க். ஆறாம் மாசம் மொத்தம் முப்பத்தாறு தேறினால் ஃபைலை மூடிவிடலாம். அதற்கப்புறம் அந்த முட்டியை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

கேள்வியெல்லாம் சுலபம். பதில்தான் உயிரை எடுக்கும். எந்தப் புண்ணியவானும் ஃபாரத்தில் இருக்கிற மாதிரி "லேசான வலி", "கடுமையான வலி" என்று சொல்வதில்லை. "பரவாயில்லை" என்பார்கள். அமோகமாக இருக்கிறவரும் பரவாயில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரும் பரவாயில்லை. இதற்கு எத்தனை மார்க் போடுவது? அக்காவுக்கு இது பெரிய ஆராய்ச்சியாகிவிட்டது. வெடுக்கென்று சொன்னால் நாலு. "ம்... பரவால்ல" என்று இழுத்தால் ரெண்டு. பெருமூச்சும் சேர்ந்தால் ஒண்ணு. வீட்டிலும் விடுவதில்லை. சாப்பாடு பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் புருஷன் தப்ப முடியாது. "நாலுக்கு எத்தனை?" என்று கரண்டியோடு நிற்பாள்.

அன்று மத்தியானம் ஒரு பஸ் டிரைவர். ரிட்டையர் ஆனவர், முப்பது வருஷம் கிளட்ச் மிதித்து முட்டியைத் தேய்த்தவர். மூணாம் மாசம் பன்னிரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான் சொன்னார். அக்காவும் மூணு மூணாகப் போட்டுவிட்டாள். இப்போது ஆறாம் மாசம், அதே கதை. பதினொன்று முடிந்து முப்பத்து மூணு. பாக்கி ஒரே கேள்வி.

"படி இறங்க முடியுதா, ஐயா?"

"பரவால்லம்மா."

இழுவையும் இல்லை, வெடுக்கும் இல்லை. இதை எதில் சேர்ப்பது? இன்னொரு மூணு போட்டால் முப்பத்தாறு, வேலை முடிந்தது. ஆனால் அக்காவுக்கு வாய் சும்மா இருக்குமா?

"கடைசியா எப்ப இறங்கினீங்க?"



"ஆபரேஷன் முடிஞ்சு கூட்டிட்டு வந்து மாடி ஏத்தி விட்டாங்கல்ல..."

"ஆமா."

"ஏறினதுதான்."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அட கடவுளே, ஆறு மாசம்! தையல் பிரிக்க நர்ஸ் வீட்டுக்கே போனாள். பயிற்சி கொடுக்கப் பிசியோ பொண்ணும் போனாள். முட்டியை மடக்கிப் பார்த்து, நூத்திப் பத்து டிகிரி, பிரமாதம் என்று எழுதி வைத்தார்கள். மனுஷன் மாடியை விட்டு இறங்கினாரா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. தானும்தான் கேட்கவில்லை. அக்காவுக்குச் சுருக்கென்றது.

"ஏன் ஐயா சொல்லல? வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்லம்மா. டாக்டர் அவ்வளவு நல்லா பண்ணி விட்டிருக்காரு. குறை சொன்னா அவருக்குத்தானே மார்க் குறையும்?"

"இது டாக்டருக்குப் பரீட்சை இல்லய்யா. நான் சைபர் போடப்போறேன்."

"சைபரா?"

திட்டப்போகிறார் என்று அக்கா காத்திருந்தாள்.

"அப்பாடா," என்றார் டிரைவர். "முதல் படியில நின்னு கீழ பார்த்தா காலு ரெண்டும் வெடவெடன்னு ஆடுதும்மா. எல்லாரும் நல்லாயிடுச்சு நல்லாயிடுச்சுன்னு சொல்லும்போது, பயமா இருக்குன்னு எந்த வாயால சொல்றது?"

அக்கா சைபரைப் பெரிதாகவே போட்டாள். மொத்தம் முப்பத்து மூணு, ஃபைல் மூடாது. நாளைக்கே பிசியோ பொண்ணை அனுப்புவதாகவும், இந்தத் தடவை கட்டிலில் இல்லை, படியில்தான் பயிற்சி என்றும் சொன்னாள்.

"பத்து மணிக்கு மேல வரச் சொல்லுங்க," என்று டிரைவர் குரலைத் தாழ்த்தினார். "அப்பதான் வீட்டுக்காரி கடைக்குப் போவா. எனக்குக் கீழ இறங்கவே பிடிக்கலன்னுதான் அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன். பாவம், தினமும் வாங்க வாங்கன்னு கூப்பிட்டுப் பார்த்தா. இப்பல்லாம் கூப்பிடறதையே விட்டுட்டா."