மைக்கில் இரண்டு தட்டு

கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் அவளுக்கு அது பதினோராவது வருடம். விமானிகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'ஹெட்மிஸ்ட்ரஸ்'. கோபுரத்திலிருந்து சொல்வதை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் பாதிப் பதிலோடு விட்டுவிடுவார்கள், அவள் விடமாட்டாள்.

விமானிகளில் அவளை அதிகம் வெறுத்தவர் அவளுடைய அக்கா புருஷன். உத்தரவு கொடுத்தால் வாயைத் திறக்காமல் மைக் பொத்தானை இரண்டு முறை தட்டுவார். டக் டக். கேட்டாச்சு என்று அர்த்தமாம். வீட்டு விசேஷங்களில், "மச்சினிச்சி கிளாஸ் எடுத்தா நான் பெஞ்சு மேல ஏறி நிக்கணும்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

அன்று மதியம் நல்ல மழை. அத்தானின் விமானம் ஓடுபாதையை நோக்கி உருண்டுகொண்டிருந்தது. இன்னொன்று இறங்க வந்துகொண்டிருந்தது.

"ஓடுபாதைக்கு வெளியே நில்லுங்கள்" என்றாள்.

டக் டக்.

"திருப்பிச் சொல்லுங்கள்."

டக் டக்.

மறுபடியும் கேட்டாள். "காது நல்லாத்தான் கேக்குது. உனக்கு வேற வேலை இல்லையா?" என்றார் அத்தான்.

'நிற்கிறேன்' என்று அவர் சொல்லவேயில்லை. இறங்க வந்த விமானத்தை அவள் உடனே மேலே ஏறச் சொன்னாள். அது மேகத்துக்குள் மறைந்தபோது, கீழே அத்தானின் விமான மூக்கு ஓடுபாதைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. 'வெளியே' என்ற சொல் இரைச்சலில் போய்விட்டது. ஓடுபாதையில் ஏறி நிற்கச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

மாலையே அறிக்கை எழுதிக் கொடுத்தாள். அக்கா போன் செய்தாள்.

"அவர் வேலைக்கு உலை வைக்கிறியா?"

"அவர் பேசினதெல்லாம் பதிவாகியிருக்குக்கா."

"எழுதிக் குடுத்தது நீதானே?"

"நான்தான். மேல வந்துட்டிருந்த விமானத்துல நூத்தி அறுபது பேர் இருந்தாங்க."

போன் வைக்கப்பட்டது.

விசாரணையில் அத்தான், "குடும்பத் தகராறுக்குப் பழிவாங்குறா" என்றார். அதிகாரி பதிவை மறுபடி ஓட்டிவிட்டு, "இதுல குடும்பம் எங்க சார் இருக்கு?" என்று கேட்டார். நான்கு மாதம் அவர் விமானம் ஓட்டக் கூடாது என்று முடிவானது.

"ஒரு மன்னிப்புக் கேட்டா குறைஞ்சா போயிடுவே?" என்றாள் அம்மா.

"யார்கிட்ட? எதுக்கு?"

திரும்பி வந்த முதல் நாள், அத்தான் ஒவ்வொரு சொல்லாகக் கடித்துத் துப்பினார்: "ஓடுபாதைக்கு. வெளியே. நிற்கிறேன்." அத்தனையும் விஷம், ஆனால் ஒரு சொல் குறையவில்லை. அவள் அடுத்த விமானத்தைக் கூப்பிட்டாள்.

அக்கா மகளுக்குக் கல்யாணம் என்பது மூன்றாம் மனிதர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. கல்யாணத்தன்று காலை ஷிஃப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.