பாதியில் நின்ற சிதார்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வேலையாக இருந்தபோது கைப்பேசியில் எங்கள் கோர்ட் வாட்ஸ்அப் குழுவுக்குச் செய்தி வந்தது: ஞானராஜ் அண்ணாச்சி காலமானார். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோர்ட்டிலிருந்து நாலு தெரு தள்ளித்தான் அவர் வீடு. கும்பிட்டவர்களில் பாதிப் பேர் அங்கே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அண்ணாச்சி எங்கள் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பல வருடங்களுக்கு முன்பு, ராஜபாளையத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் வடக்கேயிருந்து வந்த ஒரு வித்வான் சிதார் வாசித்தார். டேப் ரிக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு அண்ணாச்சி அதை முழுவதும் பதிவு செய்தார். பிறகு பென் டிரைவிலும் ஏற்றிக்கொண்டார். அதில் மின்விசிறி கடகடக்கும், யாரோ இருமுவார்கள், ஒரு குழந்தை வீறிடும். "இதையெல்லாம் நீக்கிரலாமே அண்ணாச்சி" என்று ஒருநாள் வாயை விட்டேன்.

"ஏலே, அம்புட்டுப் பேரும் உக்காந்து கேட்டதுதாம்லே கச்சேரி. அவியளை வெளிய அனுப்பிட்டு நீ யாரோட கேப்ப?" என்றார்.

தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் பகுதியைக்கூடத் தாண்ட விட மாட்டார். "வீட்டுக்கு வந்தவுக மொதல்ல கால் கழுவட்டும்லே. வந்ததும் வராததுமா இலையைப் போடுவியாக்கும்?" என்பார்.

நேற்று ராஜபாளையத்தில் இரங்கல் கூட்டம். பேசியவர்கள் எல்லாரும் தங்கள் பெருமையையே பேசினார்கள். கடைசியில் அந்தப் பதிவைப் போட்டார்கள். ராகம் அப்போதுதான் மெல்ல அசையத் தொடங்கியிருந்தது. அதற்குள் கூட்டம் நடத்தியவர் மைக்கைப் பிடித்து, "ரொம்ப இழுக்குது. வேகமா வாசிக்கிற எடத்துக்குத் தள்ளுங்கப்பா, ஹாலைக் காலி பண்ணணும்" என்றார். தள்ளினார்கள். தபலா தடதடவென்று வந்தது. கைதட்டல் வேறு. சே, என்ன மனிதர்கள்!

நான் எழுந்து கத்திவிட்டேன். "அண்ணாச்சி ஒருநாளும் தள்ளிக் கேட்டதில்லை! மொதல்லேர்ந்து முழுசாப் போடுங்கய்யா!"

யாரும் அசையவில்லை. அண்ணாச்சியின் மனைவி எழுந்து போய் பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு வெளியே நடந்தார். பின்னாலேயே ஓடினேன்.

"எதுக்குத் தம்பி இம்புட்டுக் கோவம்? நீங்க மட்டும் முழுசாக் கேட்டீகளா?"

ஞாயிறுதோறும் அண்ணாச்சி வீட்டில் அந்தப் பதிவைப் போடுவார்; நான் நடுவில்தான் போய் நுழைவேன். யார் புதிதாக வந்தாலும் அண்ணாச்சி நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து போடுவார். செத்த நேரம் கேட்டுவிட்டு, பஸ் போய்விடும் என்று கிளம்பிவிடுவேன்.

"நீங்க வருவீக, நிப்பாட்டுவாவ. இன்னொருத்தர் வருவாவ, பொறவும் நிப்பாட்டுவாவ. நான் அடுப்படியில டீ போட்டுக்கிட்டே கெடப்பேன். அன்னைக்கு மண்டபத்துல கேட்டதோட சரி, வீட்ல ஒருநாளும் அவிய கடைசி வரைக்கும் கேட்டதில்லை. எனக்கு அந்தக் கடைசி எப்பிடி இருக்கும்னே தெரியாது."

அண்ணாச்சி மேலேயே ஆத்திரம் வந்தது. ஒருநாளாவது கதவைச் சாத்தி, "போங்கலே" என்று எங்களை விரட்டியிருக்கக் கூடாதா?

"குடுங்க மதினி, ஒரு காப்பி எடுத்துட்டுத் தாரேன்."

"தர மாட்டேன். மொதல்ல நான் கேக்கணும். ஞாயித்துக்கெழமை பத்து மணிக்குப் போடுவேன். பிந்தி வந்தா கதவு தெறக்காது. டீயும் கெடையாது."

அண்ணாச்சியை அறிந்தவர்களே, அவரிடமிருந்து என்னிடம் இருப்பது பாதிக் கச்சேரிதான். மீதியைக் கேட்க ஒன்பதரைக்கே போய்விடுவேன். வருவதானால் எனக்கு முன்னால் வாருங்கள். பிந்தி வந்து தட்டினால், உள்ளேயிருந்து நானும் எழுந்து வர மாட்டேன்.