நீதியின் மேல் ஒட்டிய பஸ் டிக்கெட்

திருப்பதி பஸ் நிலையத்தில் சித்தூர் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தபோது பழைய மாணவி செல்வி கைபேசியில் அழைத்தாள். "சார், நம்ம மரகதம் டீச்சர் போய்ட்டாங்க" என்றாள்.

ஆந்திராவில் பாலசமுத்திரம் பக்கத்தில், தமிழ்ப் பிரிவும் உள்ள எல்லையோரப் பள்ளி ஒன்றில் நாங்கள் பல ஆண்டுகள் சேர்ந்து வேலை பார்த்தோம். நான் கணக்கு, அவர் தமிழ். அவரை அறிந்த உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பாடநூலில் ஒவ்வொரு கதைக்கும் அடியில் நீதி என்று ஒரு வரி இருக்கும். பிள்ளைகள் கதையை விட்டுவிட்டு அந்த வரியை மட்டும் உருப்போட்டு ஒப்பிப்பார்கள். டீச்சர், தான் சித்தூரிலிருந்து வந்த பஸ் டிக்கெட்டைத் திருப்பி, வெற்றுப் பக்கம் மேலே இருக்கும்படி, டிபன் பாக்ஸ் சோற்றுப் பருக்கையால் அந்த வரியின் மேல் ஒட்டிவிடுவார். பிள்ளைகளும் டிக்கெட் பொறுக்கி வந்து ஒட்டவேண்டும். "புக்கு போட்டவன் சொன்னது இருக்கட்டும், உனக்கு இன்னா தோணிச்சி? அத எழுது" என்பார். அதற்கு முன் கதையை நாலே வாக்கியத்தில் சொல்லவேண்டும். யாராவது நீட்டினால், "பஸ்சு கிளம்பிக்கினு இருக்குது, சீக்கிரம் சொல்லு" என்று விரட்டுவார்.

அது ஊர் காலியாகிக்கொண்டிருந்த காலம். பெங்களூரில் கட்டடங்கள் எழும்ப எழும்ப, இங்கே வீடுகள் பூட்டப்பட்டன. இருந்தவர்களும் பிள்ளைகளை வேனில் ஏற்றி இங்கிலீஷ் மீடியத்துக்கு அனுப்பினார்கள். தமிழ்ப் பிரிவை மூடித் தெலுங்குப் பிரிவோடு சேர்த்துவிடலாம் என்று மேலே பேச்சு அடிபட்டது. நேரில் பார்க்க ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது.

ஊர்க்காரர்களிடம் கையெழுத்து வாங்கி மனு கொடுக்கலாம் என்றேன். டீச்சர் கேட்கவில்லை. பாடத்தில் உள்ள கதையைப் பிள்ளைகளே அதிகாரியிடம் தெலுங்கில் சொல்லட்டும் என்றார். தமிழைக் காப்பாற்றத் தெலுங்கா என்று கேலி செய்தேன்.

"தெலுங்குல சொல்லும்போது புக்குல இருக்கிறத ஒப்பிக்க முடியாது சார். புரிஞ்சிருந்தாத்தான் வாயத் தொறக்கலாம்" என்றார்.

அதிகாரி வந்தார். செல்வி அப்போது ஆறாம் வகுப்பு. எழுந்து நின்று நாலே வாக்கியத்தில் தெலுங்கில் சொன்னாள்: ஒருவன் கஷ்டத்துக்குத் தன் மாட்டைச் சந்தையில் விற்கிறான். மாடு தானாகவே வீட்டுக்கு வந்துவிடுகிறது. அவன் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறான். பிறகு வாங்கியவனிடமே கொண்டுபோய் விடுகிறான். இது எதைப் பற்றிய கதை என்று அதிகாரி கேட்டார். பாடநூல்படி விடை நேர்மை. செல்வி சொன்னது வேறு. தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"எங்க நைனா பெங்களூர்ல இருந்து பண்டிகைக்கு வருவாரு. பண்டிகை முடிஞ்சதும் எங்க அம்மாவே பை கட்டிக் குடுத்து பஸ் ஏத்தி வுடும். அதப் பத்தின கதை சார்."

அடுத்த கேள்வியை டீச்சர்தான் கேட்டார். இவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று அறிக்கையில் எழுத முடியுமா என்று நல்ல தெலுங்கில், நேருக்கு நேர் கேட்டார். பிரிவு மூடப்படவில்லை. அதற்குப் பிறகும் அந்தப் பேச்சு அவ்வப்போது கிளம்பியது. ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு முறையும் டீச்சர் ஒரு கதையோடு தயாராக நின்றார். இன்று செல்வியின் மகள் அதே வகுப்பில் படிக்கிறாள்.

சித்தூரில் வண்டி மாறி ஊரில் இறங்கினேன். பஸ் நிறுத்தச் சுவரில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, பசை இன்னும் காயவில்லை. படத்திலும் டீச்சர் முறைத்துக்கொண்டுதான் இருந்தார். கீழே 'பொறுமையின் சிகரமே' என்று அச்சடித்திருந்தார்கள். அவரிடம் சுத்தமாக இல்லாத குணம் அது. துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகுதான் அழுகை வந்தது.

நாலு வாக்கியத்தில் முடித்திருக்கவேண்டும், நீட்டிவிட்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒரு பிடிவாதம்தான்: யாரோ அச்சடித்த முடிவை அப்படியே ஒப்புக்கொள்வதில்லை. சட்டைப் பையிலிருந்த டிக்கெட்டைத் திருப்பி, சுவரொட்டியின் அந்த வரி மேல் ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன். அவரிடம் படித்தவர்கள் போய், உங்களுக்குத் தோன்றியதை அதில் எழுதுங்கள்.