செல்லத்துரையின் வலது கட்டைவிரல்

செம்பூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்தபோது செல்லத்துரையின் மனைவி பேச்சியம்மாள் போன் செய்தார். "அவிய போயிட்டாவ, டீச்சரம்மா" என்றார். காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தவருக்கு மாரடைப்பு. நான் போனபோது தாராவி வீட்டு வாசலில், மாநகராட்சியில் அவரோடு எலி பிடித்த நீங்கள் எல்லோரும் நின்றிருந்தீர்கள். நல்ல மனுஷன், அந்த ஒரு தடவைதான் அலட்சியமாகக் கையை நீட்டிட்டான் என்று உங்களில் ஒருவர் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

செல்லத்துரை கொல்கிறவர். அதை மழுப்ப எனக்கு மனமில்லை. சாக்கடை ஓரத்து வளையிலிருந்து பெருச்சாளியை வாலைப் பிடித்து இழுத்து, ஒரே சுழற்றில் கருங்கல்லில் அடிப்பார். முகத்தில் தெறித்த ரத்தத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு அடுத்த வளைக்குப் போய்விடுவார். "அரைச் சாவா மட்டும் விடக் கூடாது டீச்சர்" என்பார்.

நான் ஒரு கல்லூரியில் விலங்கியல் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். வகுப்புக்கு உயிருள்ள பெருச்சாளி கொண்டுவருவதும், முடிந்ததும் பிடித்துக்கொண்டு போவதும் அவர்தான். கையுறை கிடையாது. சாக்கின் வாயை வளை அளவுக்குச் சுருக்கி, அதன் முகத்துக்கு நேரே பிடிப்பார். அது தானாக உள்ளே போய்விடும். "கூஸுக்குக் கண்ணு சும்மா பேருக்கு" என்பார். பெருச்சாளிக்கு பம்பாய்ப் பெயர் அது. "மீசை ரெண்டு பக்கமும் உரசுச்சுன்னா நம்ம வீடுன்னு நெனச்சிரும்."

நானும் அதைத்தான் பாடமாக நடத்தினேன். மீசை மயிருக்கு உணர்ச்சி இல்லை. அதன் வேர், ரத்தம் நிறைந்த ஒரு சின்னப் பைக்குள் இருக்கிறது. முனை எதிலாவது பட்டு வளைந்தால், வேரைச் சுற்றியுள்ள நரம்புகள் எந்த மயிர், எந்தப் பக்கம் என்று மூளைக்குச் சொல்லிவிடும். இருட்டு வளைக்குள் அதற்கு அதுதான் பார்வை. டீச்சர் ஒரு மணி நேரம் சொன்னதை அங்கிள் ஒரு சாக்கில் காட்டிவிட்டார் என்று மாணவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த எரிச்சலில் ஒருநாள் மேதாவித்தனம் செய்தேன். ஒரு பெருச்சாளிக்கு மயக்க மருந்து கொடுத்து, இரண்டு பக்க மீசையையும் அடியோடு கத்தரித்தேன். தெளிந்ததும் அது கூண்டுக்குள் தடுமாறி முட்டிக்கொள்வதை வகுப்புக்குக் காட்டினேன். பிறகு செல்லத்துரை வந்தார். மீசையைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன் என்று பல வருடம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். மறக்கவில்லை. அந்தச் சாக்கு ஒரு தடவையாவது தோற்கட்டும் என்றிருந்தது.

அவர் சாக்கை நீட்டினார். அதற்குச் சாக்கு வாய் தெரியவே இல்லை. துணி மூக்கில் இடித்ததும் வெறி பிடித்துத் திரும்பி, அவருடைய வலது கட்டைவிரலைக் கவ்வியது. பல் எலும்பில் இறங்கியது. உதறினார், விடவில்லை. சுவரில் அடித்தார், திரும்பத் திரும்ப அடித்தார். மண்டை நொறுங்கிச் செத்த பிறகும் பிடி விடவில்லை; குறட்டால் தாடையை நெம்பித்தான் எடுத்தோம். விரல் சீழ் பிடித்து, பாதியை வெட்ட வேண்டியதாயிற்று.

கடிபட்ட அன்றே கல்லூரி முதல்வர் வந்து விசாரித்தார். உண்மை தெரிந்தால் என் வேலை அத்தோடு போயிருக்கும். செல்லத்துரை செத்துக் கிடந்த பெருச்சாளியின் மூஞ்சியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "என் தப்புதான் சார். வேற நெனப்புல கைய நீட்டிட்டேன்" என்றார்.

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னது ஒன்றுதான். "இனிமே மீசைய வெட்டுனா ஒரு வார்த்தை சொல்லிருங்க டீச்சர்."

பாதிக் கட்டைவிரலில் வால் பிடிபடவில்லை. விஷம் வைக்கிற வேலைக்கு மாற்றினார்கள். கவனமில்லாதவன் என்று நீங்கள் கேலி செய்தபோதெல்லாம் அவர் மறுத்துப் பேசவில்லை. நான் வேலையில் நிரந்தரமானேன்.

நேற்று தாராவிக்குப் போய், எல்லாவற்றையும் பேச்சியம்மாளிடம் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, எழுந்து வந்து என் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். செல்லத்துரையிடமிருந்து இத்தனை வருடமும் நான் வைத்திருந்தது எனக்காக அவர் சொன்ன பொய். இனி என்னிடம் இருக்கப்போவது இந்த அறை.